கான்ஸ்டன்டைனா, ஸ்டிமாக்கா? இந்திய கால்பந்து அணிக்கு யார் சிறந்த கோச்... கணக்கு என்ன சொல்லுது?

கொடைக்கானலில் இருந்து பூம்பாறை தாண்டி கூக்கால் போகிற மலைப்பாதையை நினைச்சுப் பாருங்க. அந்த ரூட்ல ரெண்டு டிரைவர்கள் பஸ் ஓட்டுறாங்க. ஒருத்தர் வெயில் நாளில் ஓட்டினார். இன்னொருத்தர் எதிரே வர்ற வண்டியே தெரியாத பனிமூட்டத்தில் ஓட்டினார். "ரெண்டு பேர்ல யார் நல்ல டிரைவர்?"னு கேட்டா, வண்டி ஊர் வந்து சேர்ந்த நேரத்தை மட்டும் வச்சு பதில் சொல்லிட முடியுமா?

இந்திய கால்பந்து அணியின் கோச்களைப் பற்றிப் பேசும்போது நாம செய்றது பெரும்பாலும் அதுதான். ரேங்கிங் எத்தனை, கோப்பை எத்தனை, அவ்வளவுதான். எந்தப் பாதை, எந்த வண்டி, எந்த வானிலை என்று யாரும் கேட்பதில்லை.

ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், இகோர் ஸ்டிமாக். கடந்த பத்து ஆண்டுகளில் இந்திய அணியை அதிக காலம் நடத்தியவர்கள் இவங்க ரெண்டு பேர்தான். இருவரின் கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கலாம்.

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

2025 அக்டோபர் 14. கோவாவின் மார்கோவ் மைதானம். சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்றது இந்தியா. அந்தத் தோல்வியோட 2027 ஆசியக் கோப்பைக்கான கதவு மூடிக்கிச்சு. 2019, 2023 என்று தொடர்ந்து இரண்டு முறை அந்தத் தொடரில் ஆடிய அணி, இந்த முறை தகுதிச்சுற்றிலேயே வெளியே. அடுத்த மாதம் டாக்காவில் வங்கதேசத்திடமும் 0-1 என்று தோல்வி. 2025 நவம்பரில் ஃபிஃபா ரேங்கிங் 142.

அப்போது அணியின் கோச், அதே ஆண்டு ஆகஸ்டில் பொறுப்புக்கு வந்த காலித் ஜமீல். அவருக்கு முன்னால் இருந்த ஸ்பெயின் நாட்டுக்காரர் மனோலோ மார்க்கெஸ், எட்டு மேட்சில் ஒரே ஒரு வெற்றியுடன் கிளம்பிப் போயிருந்தார்.

உடனே பழைய கணக்கு கிளம்பியது. "கான்ஸ்டன்டைன் இருந்தப்போ 96-வது இடத்துல இருந்தோம்" என்று ஒரு பக்கம். "ஸ்டிமாக் ஒரே வருஷத்துல மூணு கோப்பை ஜெயிச்சுக் கொடுத்தார்" என்று இன்னொரு பக்கம். ரெண்டுமே உண்மைதான். ஆனா ரெண்டுமே பாதி உண்மை.

யார் இந்த இருவர்?

கான்ஸ்டன்டைன் இங்கிலாந்துக்காரர். பெரிய வீரராகப் பேர் எடுத்தவர் இல்லை. நேபாளம், மலாவி, சூடான், ருவாண்டா போன்ற நாடுகளில் கோச்சாக இருந்து அனுபவம் சேர்த்தவர். 2002 முதல் 2005 வரை ஒருமுறை இந்தியாவுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். 2002-இல் வியட்நாமில் எல்ஜி கோப்பையை வென்ற அணி அவருடையது. இரண்டாவது முறை 2015 ஜனவரியில் வந்து, 2019 ஜனவரி வரை இருந்தார். இங்கே நாம் எடுத்துக்கொள்வது இந்த நான்கு ஆண்டுகளைத்தான்.

ஸ்டிமாக் குரோஷியாக்காரர். 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த குரோஷிய அணியின் டிஃபெண்டர். பிறகு அந்த நாட்டுத் தேசிய அணிக்கே கோச்சாக இருந்தவர். இந்தியாவுக்கு 2019 மே மாதம் வந்தார். 2024 ஜூன் 17 அன்று பதவி நீக்கப்பட்டார்.

ரேங்கிங்: 96 பெருசா, 99 பெருசா?

முதல்ல எல்லாரும் எடுக்கிற ஆயுதம் இதுதான்.

- கான்ஸ்டன்டைன் வந்தபோது 171. 2015 மார்ச்சில் 173 வரை சரிவு. 2017 ஜூலையில் 96. கிளம்பும்போது 97.
- ஸ்டிமாக் வந்தபோது 101. 2023 ஜூலையில் 99. கிளம்பும்போது 121-ஐத் தாண்டிவிட்டது. 2024 ஜூன் பட்டியலில் 124.

பார்த்தவுடனே கான்ஸ்டன்டைன் பக்கம் சாயத் தோணும். ஆனா இங்க ஒரு விஷயம் இருக்கு. இருவரையும் அளந்த அளவுகோல் ஒண்ணு கிடையாது.

2018 ஆகஸ்டில் ஃபிஃபா தன் கணக்கு முறையை மாற்றியது. பழைய முறையில் நான்கு ஆண்டு ஆட்டங்களின் சராசரி எடுப்பார்கள். நட்பு ஆட்டத்துக்கு மதிப்பு 1 என்றால், தகுதிச்சுற்று ஆட்டத்துக்கு 2.5. அதாவது மக்காவ், லாவோஸ் மாதிரி சின்ன அணியைத் தகுதிச்சுற்றில் ஜெயித்தாலும் நல்ல லாபம். பலமான அணியோடு நட்பு ஆட்டம் ஆடித் தோற்றால் சராசரி இறங்கிவிடும். அதனால் பல நாடுகள் நட்பு ஆட்டத்தையே தவிர்த்து ரேங்கிங்கில் மேலே போனதும் உண்டு.

புதிய முறையில் சராசரி கிடையாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புள்ளி கூடும் அல்லது குறையும். உங்களை விட பலவீனமான அணியை ஜெயித்தால் கொஞ்சம்தான் கிடைக்கும். அதே அணியிடம் தோற்றால் நிறைய போகும்.

கான்ஸ்டன்டைனின் 96 பழைய முறையில் வந்தது. ஸ்டிமாக்கின் 99 புதிய முறையில் வந்தது. ரெண்டையும் நேருக்கு நேர் வைப்பது, படியில் அளந்த நெல்லையும் கிலோவில் நிறுத்த நெல்லையும் ஒப்பிடுவது மாதிரி.

இதனால் கான்ஸ்டன்டைன் செய்தது சின்ன வேலை என்று அர்த்தம் இல்லை. 173-இல் இருந்து தூக்கி வந்ததற்குப் பின்னால் நிஜமான வெற்றிகள் இருக்கு. 2016 ஜூன் முதல் 2017 முடியும் வரை இந்தியா ஒரு மேட்ச்சில்கூட தோற்கவில்லை. 96-க்கும் 99-க்கும் நடுவில் உள்ள மூன்று இடத்தை வைத்து மட்டும் யார் பெரியவர் என்று முடிவு கட்ட முடியாது, அவ்வளவுதான்.

கோப்பைகள்: எங்கே ஜெயிச்சாங்க?

- கான்ஸ்டன்டைன்: தெற்காசிய சாஃப் கோப்பை (இறுதிப்போட்டி 2016 ஜனவரி, திருவனந்தபுரம்), முத்தரப்புத் தொடர் (2017, மும்பை), இன்டர்கான்டினென்டல் கோப்பை (2018, மும்பை).
- ஸ்டிமாக்: சாஃப் கோப்பை (2021, மாலத்தீவு), முத்தரப்புத் தொடர் (2023, இம்பால்), இன்டர்கான்டினென்டல் கோப்பை (2023, புவனேஸ்வர்), சாஃப் கோப்பை (2023, பெங்களூரு).

எண்ணிக்கையில் ஸ்டிமாக் ஒரு படி மேலே. ஆனா ஊர்ப் பெயர்களைக் கவனிங்க. மாலத்தீவைத் தவிர மற்ற எல்லாமே நம்ம ஊர் மைதானங்கள். சொந்த ரசிகர்கள், சொந்த வெயில், நம்ம கூட்டமைப்பே அழைத்து வந்த எதிரணிகள்.

இருந்தாலும் 2023-ஐ லேசாகத் தள்ளிவிட முடியாது. லெபனானும் குவைத்தும் சாதாரண தெற்காசிய அணிகள் இல்லை. புவனேஸ்வரில் லெபனானை 2-0 என்று வீழ்த்தியது, பெங்களூரில் குவைத்தை பெனால்ட்டியில் மடக்கியது எல்லாம் அந்த அணிக்கு நல்ல நாட்கள். அந்தத் தொடர்களுக்கு முன்னால் புவனேஸ்வரில் நீண்ட பயிற்சி முகாம் கிடைத்தது என்பதையும் குறிச்சு வச்சுக்குங்க. பின்னாடி இது தேவைப்படும்.

ஆசியக் கோப்பை: ஒரு நிமிஷத்துல போன வாய்ப்பு

இங்கதான் வித்தியாசம் பளிச்சுன்னு தெரியுது.

2019 ஆசியக் கோப்பை ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்தது. முதல் ஆட்டத்தில் தாய்லாந்தை 4-1 என்று அடித்து நொறுக்கியது கான்ஸ்டன்டைனின் அணி. அடுத்து அமீரகத்திடம் 0-2 தோல்வி. கடைசி ஆட்டம் பஹ்ரைனுடன். டிரா செய்தாலே அடுத்த சுற்று. 90 நிமிடம் வரை 0-0. அதற்குப் பிறகு கூடுதல் நேரத்தில் ஒரு பெனால்ட்டி. 0-1. குழுவில் கடைசி இடம். அன்று இரவே கான்ஸ்டன்டைன் ராஜினாமா செய்தார்.

குழுவில் கடைசி என்று பார்த்தா மோசம். ஆனா இன்னும் ஒரு நிமிஷம் தாக்குப்பிடித்திருந்தால் குழுவில் இரண்டாம் இடம். கால்பந்தில் கோச்சின் பெயர் சில சமயம் அந்த ஒரு நிமிஷத்தில்தான் எழுதப்படுது.

2023 ஆசியக் கோப்பை கத்தாரில், 2024 ஜனவரியில் நடந்தது. ஸ்டிமாக்கின் அணி ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, ஒரு கோல்கூட இல்லை.

குழு கடினமானது என்பது உண்மை. அன்வர் அலி, ஜீக்சன் சிங், ஆஷிக் குருணியன் ஆகியோர் காயத்தால் இல்லை என்பதும் உண்மை. ஆனா சிரியாவுக்கு எதிராகவும் கோல் அடிக்க முடியலன்னா, அதற்குக் காயத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

இந்தப் பிரிவில் கான்ஸ்டன்டைன் முன்னே. சந்தேகமே இல்லை.

உலகக் கோப்பை தகுதிச்சுற்று: கதை தலைகீழ்

ஆனா அடுத்த பக்கத்தைத் திருப்பினால் கணக்கு மாறுது. இரண்டாம் சுற்று ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

- கான்ஸ்டன்டைன் (2018 உலகக் கோப்பைக்கானது): 8 ஆட்டம், 1 வெற்றி, 7 தோல்வி. 3 புள்ளி. அடித்தது 5, வாங்கியது 18.
- ஸ்டிமாக் (2022-க்கானது): 8 ஆட்டம், 1 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி. 7 புள்ளி. அடித்தது 6, வாங்கியது 7.
- ஸ்டிமாக் (2026-க்கானது): 6 ஆட்டம், 1 வெற்றி, 2 டிரா, 3 தோல்வி. 5 புள்ளி. அடித்தது 3, வாங்கியது 7.

கான்ஸ்டன்டைன் காலத்தில் குவாம் என்ற குட்டித் தீவிடம்கூட 1-2 என்று தோற்றோம். ஸ்டிமாக் காலத்தில், அப்போதைய ஆசிய சாம்பியன் கத்தாரை 2019 செப்டம்பரில் அவங்க ஊரான தோஹாவிலேயே 0-0 என்று நிறுத்தினோம். 2023 நவம்பரில் குவைத்தை அவங்க மண்ணிலேயே 1-0 என்று ஜெயித்தோம். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு கோலுக்கு மேல் வாங்கிய அணி, ஒரு கோல் அளவுக்கு இறுகியது.

கான்ஸ்டன்டைன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. அந்த மோசமான எட்டு ஆட்டங்களில் பெரும்பாலானவை 2015-இல் நடந்தவை. அவர் வந்த முதல் வருஷம். பழைய வீரர்களை மாற்றி, புதுசா அணி கட்டிக்கொண்டிருந்த நேரம். ஸ்டிமாக்கின் கையில் கிடைத்தது ஓரளவு கட்டி முடிக்கப்பட்ட வீடு.

குவாஹாட்டி தோல்வியின் வட்டி

ஸ்டிமாக்கின் கணக்கில் ஒரு மேட்ச் மட்டும் தனியாப் பார்க்கணும். 2024 மார்ச் 26, குவாஹாட்டி. ஆப்கானிஸ்தானிடம் 1-2 தோல்வி. சுனில் சேத்ரியின் 150-வது ஆட்டம் அது. அவர் பெனால்ட்டியில் கோல் அடித்தும் பலன் இல்லை.

அந்த ஆட்டத்தை மட்டும் ஜெயித்திருந்தால், இந்தியா 8 புள்ளியோடு குழுவில் இரண்டாம் இடம். குவைத் முடித்தது 7 புள்ளியில். இரண்டாம் இடம் என்றால், வரலாற்றில் முதல் முறையாக உலகக் கோப்பை தகுதிச்சுற்றின் மூன்றாம் சுற்று. அது மட்டுமில்ல, 2027 ஆசியக் கோப்பைக்கும் நேரடி டிக்கெட்.

அது கை நழுவியதால், ஆசியக் கோப்பைக்குத் தனியா இன்னொரு தகுதிச்சுற்று ஆட வேண்டியதாயிற்று. அந்தச் சுற்றின் கதவும் இந்த முறை ரொம்பக் குறுகல். 2019 தொடருக்கான தகுதிச்சுற்றில் குழுவில் முதல் இரண்டு அணிகளுக்கு இடம் இருந்தது. 2023-க்கு முதலிடம் பிடித்தவர்களோடு, சிறந்த இரண்டாம் இட அணிகளுக்கும் இடம் கிடைத்தது. 2027-க்கு ஒவ்வொரு குழுவிலும் முதலிடத்துக்கு மட்டும்தான்.

2025 அக்டோபரில் மார்கோவில் நாம் கட்டியது, 2024 மார்ச்சில் குவாஹாட்டியில் வாங்கிய கடனின் வட்டி. நடுவில் மார்க்கெஸ் காலத்தில் வங்கதேசத்துடன் டிரா, ஹாங்காங்கிடம் தோல்வி என்று கடன் ஏறியது. காலித் ஜமீல் மேல் மட்டும் பழி போடுவது நியாயம் இல்லை என்பதற்கு இதுதான் காரணம்.

மொத்த வெற்றி சதவீதம் ஏன் ஏமாத்துது?

ஸ்டிமாக்: 53 ஆட்டம், 19 வெற்றி, 14 டிரா, 20 தோல்வி. வெற்றி சுமார் 36 சதவீதம். கான்ஸ்டன்டைன் தன் இரண்டாவது காலத்தில் ஆடியதில் பாதிக்கும் மேல் வெற்றி.

அப்போ முடிஞ்சதா? இல்லை. எதிரே யார் நின்றார்கள் என்று பாருங்க. 2016, 2017-இல் கிடைத்த வெற்றிகளில் லாவோஸ், மக்காவ், கம்போடியா, நேபாளம், மொரீஷியஸ் எல்லாம் இருக்கு. ஸ்டிமாக் அமீரகம், பெலாரஸ், ஜோர்டான், வியட்நாம் என்று வெளிநாட்டில் போய் ஆடினார். நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டார். அமீரகத்திடம் 0-6 என்பதெல்லாம் அப்படி வந்ததுதான்.

கான்ஸ்டன்டைனும் கடைசிக் கட்டத்தில் சீனா, ஜோர்டான், ஓமன் என்று கடினமான அணிகளைத் தேடிப் போனார். சீனாவை அவங்க ஊரில் 0-0 என்று பிடித்தார். அதன் பலன்தான் தாய்லாந்துக்கு எதிரான அந்த 4-1 என்று சொல்லலாம். அதே வைத்தியம் ஸ்டிமாக்குக்கு ஏன் பலிக்கவில்லை என்பது நியாயமான கேள்வி.

ரெண்டு பேரையும் தூக்கி நிறுத்தியது ஒரே தோள்

இருவரின் கோப்பைகளிலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும்: சுனில் சேத்ரி.

2018 இன்டர்கான்டினென்டல் கோப்பையில் சேத்ரி 8 கோல். தாய்லாந்துக்கு எதிரான நான்கில் இரண்டு. 2021 சாஃப் தொடரில் 5. 2023 சாஃப் தொடரில் மறுபடியும் 5. 2024 ஜூனில் 94 சர்வதேச கோல்களுடன் ஓய்வு பெற்றவரை, 2025 மார்ச்சில் மறுபடியும் அழைத்து வர வேண்டிய நிலை.

பத்து வருஷமா ரெண்டு வெளிநாட்டு கோச்கள். ரெண்டு பேராலும் சேத்ரிக்கு அடுத்த ஸ்ட்ரைக்கரைத் தேசிய அணியில் நிலைநிறுத்த முடியல. அதுக்குக் காரணம் கோச் மட்டுமா? தேசிய கோச்சுக்கு வீரர்கள் கிடைப்பது வருஷத்தில் சில வாரங்கள்தான். மீதி மாதங்கள் கிளப்பில். ஐஎஸ்எல் அணிகளில் நடுவில் நிற்கும் ஸ்ட்ரைக்கர் இடம் பெரும்பாலும் வெளிநாட்டு வீரர்களுக்கு. கிளப்பில் அந்த இடத்தில் ஆடாதவரை, தேசிய அணிக்கு வந்ததும் கோல் அடின்னா எப்படி அடிப்பார்?

புதுமுகங்கள் விஷயத்தில் இருவருக்கும் பாராட்டு உண்டு. சந்தேஷ் ஜிங்கனும், பதின்ம வயதில் இருந்த லாலியன்சுவாலா சாங்தேவும் தேசிய அணிக்குள் வந்தது கான்ஸ்டன்டைன் காலத்தில். அதே சாங்தேதான் ஸ்டிமாக்கின் கடைசி ஆட்டத்தில் கத்தாருக்கு எதிராக கோல் அடித்தவர். குமரி மாவட்டத்தின் மைக்கேல் சூசைராஜ், சென்னையின் நந்தகுமார் சேகர் இருவரும் ஸ்டிமாக் காலத்தில் இந்திய ஜெர்சி போட்டார்கள். ஒருத்தர் நட்டது இன்னொருத்தர் காலத்தில் காய்க்கும். கோச்களின் கணக்கைத் தனித்தனியா வெட்டி எடுக்க முடியாது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

அப்போ யார்தான் சிறந்தவர்?

நேரடியாகவே சொல்லிடலாம். எதுவும் இல்லாத இடத்தில் அணியைக் கட்டியதிலும், பெரிய மேடையில் துணிந்து ஆட வைத்ததிலும் கான்ஸ்டன்டைன் முன்னே. பலமான அணிகளிடம் லேசில் உடையாத அணியைத் தகுதிச்சுற்றில் நிறுத்தியதில் ஸ்டிமாக் முன்னே. ஆனா ஜெயிச்சே ஆக வேண்டிய ஆட்டத்தை, ஜெயிக்கக்கூடிய அணியிடம் கோட்டை விட்டவரும் ஸ்டிமாக்தான். ஐந்து வருஷம் கொடுத்தும் அது நடந்ததால், மொத்தமா பார்த்தா தராசு கான்ஸ்டன்டைன் பக்கம் கொஞ்சம் சாயுது.

அதைவிட முக்கியமான விஷயம் வேற. இருவரும் ஏறி நின்ற உயரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நூறாவது இடத்தைச் சுற்றி. இரண்டு வேறு ஆட்கள், இரண்டு வேறு ஆட்ட முறைகள், வண்டி மட்டும் அதே வளைவில் நின்னுடுது. அப்படின்னா டிரைவரை மட்டும் மாத்தினா போதாது, ரோட்டையும் பார்க்கணும் என்றுதானே அர்த்தம்?

அடுத்த கோச்சை எப்படி அளக்கணும்?

இனி யார் வந்தாலும், ரேங்கிங்கைப் பார்க்கிறதுக்கு முன்னாடி இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்க.

1. ஜெயிச்ச மேட்ச் சொந்த ஊரிலா, வெளியூரிலா?
2. எதிரணி நம்மைவிட மேலே இருந்ததா, கீழே இருந்ததா?
3. சேத்ரியைத் தவிர வேறு யார் கோல் அடிச்சாங்க?
4. முக்கியத் தொடருக்கு முன்னால் பயிற்சிக்கு எத்தனை நாள் கிடைச்சது?

நான்காவது கேள்விக்குத்தான் புவனேஸ்வர் முகாமைக் குறிச்சு வைக்கச் சொன்னோம். நீண்ட முகாம் கிடைத்த 2023 கோடையில் ஸ்டிமாக் அணி கோப்பைகளை ஜெயித்தது. ஐஎஸ்எல் சீசன் நடுவே அவசரமாகக் கிளம்பிப் போன 2024 ஜனவரியில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. கோச் அதே ஆள். வீரர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள்.

இந்தக் கேள்விகளில் முதல் மூன்றுக்குக் கோச் பதில் சொல்லணும். நான்காவதுக்குக் கூட்டமைப்பும் லீக்கும் பதில் சொல்லணும். தோற்ற மறுநாள் கோச் வேலை இழக்கிறார். நான்காவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவங்களை மட்டும் யாரும் கேட்பதே இல்லை.